பெல் அடிச்சிக்கினே வா

அன்பு மகன் கலியமூர்த்திக்கு உன் அப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கம்மா சுகம், நீ விட்டுப்போன சைக்கிளும் சுகம். நீ சுகமா என்று கேட்டு இதற்கு முன்னே எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில்தான் வரவில்லையே தவிர கடிதம் வந்துவிட்டது. நான் எழுதிப் போட்ட அதே கடிதம் போன வழியே திரும்பி என்னிடமே வந்து சேர்ந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நேராக அங்கே தாவிவிடாதே. சின்ன வயதில் பாயசம் வருகிற வரைக்கும் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாய், அந்தப் புத்தி இங்கே வேண்டாம். வரிசையாகப் படித்துக்கொண்டு வா.

என் எழுத்தைப் பார்த்துச் சிரித்து முடித்திருப்பாய். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து, காற்றில் சாய்ந்த முள்வேலி மாதிரிதான் இருக்கும். பட்டாளத்தில் உன் பக்கத்துக் கட்டில்காரனிடமும் காட்டிச் சிரி. எனக்கு வருத்தமில்லை. அவனுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் அவனுக்கும் புரிய வேண்டுமே என்று உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் அப்பன் நெய்வேலி தபாலாபீஸில் தந்திக்காரன் என்று சொல். காலையில் தபால் கட்டு, அதற்குப் பிறகு பொழுது சாய்கிற வரைக்கும் தந்தி. பழைய சைக்கிள், புது பெல். காக்கிச் சட்டை போட்ட எமன் என்று உங்கம்மா கோபம் வந்தால் திட்டுவாள் என்பதையும் சொல்.

பண்ருட்டியில் தந்திப் பையனாக நான் சேர்ந்தபோது மீசை முளைக்கவில்லை. நம் ஜனங்கள் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நம் தெருவில் காக்கி நிஜார் போட்டவன் நான் ஒருவன்தான். காடாம்புலியூர், திருவதிகை என்று சுற்றி வருவேன். ஊர்த்தெருவுக்குள் போனால் தந்தியை என் கையிலிருந்து வாங்க மாட்டார்கள். 'அங்க வச்சிட்டுத் தள்ளி நில்லுடா' என்பார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, உத்தியோகம் எல்லாவற்றையும் தரையிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். என் முகத்தைப் பார்த்தே சாவு என்று தெரிந்துவிட்டால் மட்டும் அவசரத்தில் எல்லாம் மறந்துபோய்க் கையிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் ஞாபகம் வந்தாலும் கவலையில்லை, அன்றைக்கு எப்படியும் தலை முழுகத்தானே வேண்டும். அந்த வயதிலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஜனங்கள் காகிதத்தைப் படிப்பதில்லை, கொண்டுவருகிறவன் முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஜப்பான்காரன் சண்டை வந்தது. பட்டாளத்துக்குத் தபால் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று இலாகாவில் கேட்டார்கள். நான் பேர் கொடுத்தேன். தேசபக்தி என்று நீ உன் சிநேகிதனிடம் சொல்லிக்கொள்; பூட்ஸ் தருவார்கள் என்றுதான் போனேன். பர்மா எல்லையில் மலை மேலே ஒரு கூடாரம், அதுதான் தபாலாபீஸ். கோவேறு கழுதை மேல் பை வரும். பிரித்து அடுக்கி, கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். நீ பிறந்த செய்தி அங்கேதான் எனக்குக் கிடைத்தது. அதற்குள் நீ தவழ ஆரம்பித்திருப்பாய். கூடாரத்து மூலையில் ஆணி அடித்து ஒரு பை தனியாகத் தொங்கும். அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், 'அந்தப் பை' என்போம். செத்துப்போனவன் பேருக்கு ஊரிலிருந்து வருகிற கடிதங்களை அதில் போட்டு வைக்க வேண்டும். உடனே திருப்பி அனுப்பக் கூடாது. அவன் வீட்டுக்குத் தந்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கடிதங்கள் புறப்படும். பெண்டாட்டி எழுதிய கடிதத்தைப் பெண்டாட்டி கையிலேயே தந்து, அதைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது என்று அங்கே அப்படி ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதலில் தந்தி, பின்னால் கடிதம். ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கம்மாவுக்கு இதை ஒரு கதை மாதிரி சொன்னேன். கதையை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். வரிசையை மறக்கவில்லை.

பிறகு இங்கே நிலக்கரி தோண்ட ஆரம்பித்து, பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். என்னையும் இங்கே மாற்றினார்கள். இந்த டவுன்ஷிப்பில் நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஷிப்ட் என்றுதான் கேட்பார்கள். திருநெல்வேலிக்காரர், கோயமுத்தூர்க்காரர், மதுரைக்காரர் எல்லாரும் கையிலேயே வாங்கினார்கள். ஆனால் எல்லாருக்கும் சொந்தபந்தம் எங்கோ தூரத்தில். அதனால் எனக்கு ஓயாத வேலை. பிளாக் முனையில் காக்கியைப் பார்த்த உடனே குழாயடியில் நிற்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் முகம் செத்துவிடும். நல்ல செய்தியாக இருந்தாலும் நான் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பத்து வீட்டில் சாவு விழுந்து எழுந்திருக்கும். பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் பெல் அடிக்க ஆரம்பித்தேன். நல்லது என்றால் தெருமுனையிலிருந்தே அடிப்பேன், ஏதாவது கிண்டலும் செய்வேன். 'அக்கா, மாப்ள வூட்லேர்ந்து வருது, காபிக்குப் பால் வாங்கி வை' என்பேன். கெட்டது என்றால் அடிக்க மாட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியக் கூடாது, அது சட்டம். தந்தி கிளார்க் வரதராஜன் சட்டத்தை மீறியதே இல்லை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லது என்றால் உறையை என் கையில் வைத்து ஒரு தட்டு தட்டுவார். கெட்டது என்றால் மேஜை மேலே நகர்த்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அவ்வளவுதான். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் என் பெல்லைப் பற்றி ஒரு தடவை போஸ்ட் மாஸ்டரிடம் புகார் கொடுத்தார்கள். மறுநாளே அவர்களுடைய சம்சாரங்கள் வந்து, அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். இப்படி இந்த ஊருக்கும் எனக்கும் ஒரு பேச்சு ஏற்பட்டுவிட்டது. சிரித்தால் நல்லது, சிரிக்காவிட்டால் கெட்டது. அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாக இருந்தது. எல்லாரும் என் வாயை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு நீ கடலூர் போய் ஆளெடுப்பில் மார்பை அளக்கக் கொடுத்துவிட்டு வந்தாய். உங்கம்மா அழுதாள். நான் பூட்ஸ் நல்லதாகப் பார்த்து வாங்கு என்றேன். அன்றைக்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டார்களாம், அம்மா பேரைக் கொடுத்தேன் என்றாய்.

'ஏன்டா, அப்பன் செத்துட்டானான்னு கேட்டிருப்பானே' என்றேன்.

'கேட்டான். இல்ல, உசிரோடதான் இருக்காரு, ஆனா வெளாட்டுக்காரருன்னு சொன்னேன்.'

'இன்னாடா வெளாட்டு?'

'யப்பா, உம்பேரக் குடுத்தா நீ வழியிலயே பிரிச்சிப் படிச்சிடுவ. அப்புறம் அம்மாகிட்ட வந்து சிரிச்சிக்கினே பொய் சொல்லுவ. அம்மா பேருக்கு வந்தா பிரிக்க மாட்ட. அடுத்தவங்க தந்திய நீ பிரிச்சதே இல்ல.'

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உங்கம்மா மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ராத்திரி படுத்தால் அந்தச் சிரிப்புதான் காதில் விழுகிறது. பெரிய கெட்டிக்காரன் நீ. வந்தால் அது என் பையில்தான் வரும், என் சைக்கிளில்தான் வரும். ஆபீஸிலிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு வருகிறவன் நான், ஆனால் நான் பிரிக்க முடியாது. உலகத்தில் எந்தப் பிள்ளையும் அப்பனை இப்படிக் கட்டிப்போட்டதில்லையடா.

பாகிஸ்தான் சண்டை ஆரம்பித்தது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னே வந்த கார்டுதான் உன்னிடமிருந்து கடைசி. அதில் வெயில் அதிகம், சப்பாத்தி தடிமன் என்று எழுதியிருந்தாய். இங்கே தெருவிளக்குகளுக்குத் தொப்பி மாட்டினார்கள், வீட்டு ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். கரண்டு தயாரிக்கிற ஊரே இருட்டில் உட்கார்ந்திருந்தது. மைன்ஸில் பாறைக்கு வெடி வைத்தால் உங்கம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள். தினமும் நான் ஆபீஸுக்குள் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னாலேயே வரதராஜன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, 'ஒண்ணும் இல்லப்பா' என்பார். அதுதான் எங்கள் வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் பாவும்.

ஒரு நாள் அவர் இல்லை. காய்ச்சல். வேறு ஊரிலிருந்து ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். புது ஆள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தந்திகளை எல்லாம் ஒரே மாதிரி மேஜை மேலே தள்ளினார். தட்டுவதும் இல்லை, முகத்தைத் திருப்புவதும் இல்லை. என் பேரோ உங்கம்மா பேரோ அதில் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். மற்றபடி எது நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் எப்படிப் பெல் அடிப்பது. அடிக்காமலே போனேன். வழி முழுக்க உன் நினைப்பு. 'ஒண்ணும் இல்லப்பா' என்று யாரும் சொல்லாத காலையில் சிரிப்பு எங்கிருந்து வரும்.

முதல் தந்தி செல்லையா வீட்டுக்கு. மைன்ஸில் இருக்கிறாரே திருநெல்வேலிக்காரர், அவர் வீடு. அவர் சம்சாரம் பேச்சியம்மாளின் தம்பியும் உன்னை மாதிரி பட்டாளத்தில்தான் இருக்கிறான். அந்த அம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தது. முறம் கையிலிருந்து நழுவியது. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டது.

'அண்ணாச்சி, என் தம்பியா?'

'எனக்குத் தெரியாதும்மா, பிரிச்சிப் பாருங்க.'

'ஏன் மணி அடிக்கல? சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க ஏன் மணி அடிக்கல?'

சொல்லிக்கொண்டே தலையைச் சுவரில் மோத ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து பிடித்தார்கள். எதிர் வரிசையில் ஒரு வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த செல்லையா லுங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, என் கையிலிருந்து தந்தியைப் பிடுங்கிக் கிழித்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

'ஏட்டி, உன் தங்கச்சிக்குப் பொம்பளப்பிள்ளை பொறந்திருக்குட்டி' என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் நெற்றியில் ரத்தம். அரிசி மண்ணில் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் நான் 'பட்டாளத்துத் தாய்மாமனுக்குப் பொண்ணு தேடற வேல மிச்சம்' என்று ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் உள்ளே போய், வழக்கப்படி ஒரு பிடி சர்க்கரை கொண்டுவந்து என் கையில் போட்டது. 'என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய' என்று மட்டும் சொன்னது. கொஞ்சம் கழித்து, 'இனிமே சிரிக்காம எங்க பிளாக்குக்குள்ள வராதிய' என்றது.

அந்தச் சர்க்கரையை நான் தின்னவில்லை. பெல் அடிக்காமல் வந்தேன் என்ற சேதி எனக்கு முன்னே டவுன்ஷிப் முழுக்கச் சுற்றிவிட்டது. சுற்றும்போதே வேறு மாதிரி ஆகிவிட்டது. தந்திக்காரர் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதாம், அதனால்தான் ஆள் பெல் அடிக்காமல் போகிறாராம் என்று நான்காவது வாயில் மாறி, ஐந்தாவது வாய் நம் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருக்கிறது. சாயங்காலம் நான் வந்தபோது உங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. நாலைந்து பெண்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கலைந்து போனார்கள்.

'இன்னாய்யா, பெல் அடிக்கலியாமே.'

'மறந்துட்டேன்.'

'நீ சோத்த மறப்ப, அத மறக்க மாட்ட. இன்னா வந்துச்சு?'

'ஒண்ணும் வரல. தோ பாரு.' பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினேன். ஒரு ரப்பர் வளையமும் ஒரு பீடியும் விழுந்தன.

'பீடிய வுட்டுட்டேன்னு சொன்ன.'

'அது தந்தி இல்ல புள்ள.'

சிரிப்பாள் என்று பார்த்தேன். பீடியை எடுத்து அடுப்படியில் எறிந்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். காலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, 'நம்ம வூட்டுக்கு வந்தா யாரு கொண்டாருவாங்க?' என்றாள்.

'வேற ஆள அனுப்பறேன்னு போஸ்ட் மாஸ்டர் சொல்லியிருக்காரு.'

'எவன் கையிலயும் நான் வாங்க மாட்டேன். நீதான் கொண்டாரணும்.'

'சரி.'

'எப்படிக் கொண்டாருவ?'

'எப்படின்னா? சைக்கிள்லதான். பிளேனா அனுப்புவாங்க?'

'வெளாடாத. பெல் அடிப்பியா, அடிக்க மாட்டியா?'

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன் என்று நீ சொல்வாய். அன்றைக்குக் கீழே கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்துப் பையில் போட்டேன். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் அந்த உறையை நான் நம் தெருவுக்குள் எப்படிக் கொண்டுவருவேன் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. உங்கம்மா தினமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல. அவளே சொன்னாள்.

'அடிச்சிக்கினே வா. எது வந்தாலும் அடிச்சிக்கினே வா. நீ வாசலாண்ட வந்து நிக்கிற வரிக்கும் எம்புள்ள உசிரோட இருக்கட்டும்.'

அதற்குப் பிறகு நான் பெல் அடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். ஆனால் கலியமூர்த்தி, இதில் உள்ள கஷ்டத்தைப் பார். முன்பெல்லாம் பெல் கேட்டால் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு மனசு நிற்கும். இப்போது எதுவாக இருந்தாலும் அடிப்பேன் என்று பேசிக்கொண்டுவிட்டதால் பெல் கேட்டும் அவளுக்கு நிம்மதி இல்லை. தெருமுனையில் மணி கேட்டது முதல் வாசலுக்கு நான் வருகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு வேலை செய்தேன். முனையில் பெல்லை அடித்துவிட்டு, ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டிக்கொண்டே தெரு முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தேன். கை காலி, பார்த்துக்கொள் என்று. நீ பள்ளிக்கூட நாளில் இதே வித்தையைச் செய்ததற்குத்தான் உன்னைப் புளிய விளாறால் அடித்தேன். நாற்பது தாண்டிய தொந்திக்காரன் கையை விட்டு ஓட்டி வந்ததைப் பார்த்துத் தெருவே கை கொட்டியது. சர்க்கஸ்காரர் வர்றாரு என்று பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன. உங்கம்மா கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்குச் சுடச்சுடச் சோறு.

சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருவிளக்குகளின் தொப்பியைக் கழற்றினார்கள். அதற்கப்புறம் பட்டாளத்துக் கார்டுகள் வர ஆரம்பித்தன. பேச்சியம்மாளின் தம்பி எழுதியிருந்தான். அன்றைக்கு நான் அடித்த அடியில் பெல்லின் நாக்கு தேய்ந்திருக்கும். அந்த அம்மாள் சர்க்கரையோடு ஒரு தேங்காயையும் கொடுத்தது. 'உங்க மவனுக்கும் வந்திருக்குமே அண்ணாச்சி' என்று கேட்டது. 'வந்துக்கினே இருக்கு, அவன் எழுத்து நடந்து வர்ற எழுத்து' என்றேன். ஒவ்வொரு வீடாகக் கார்டு கொடுத்துக்கொண்டு வந்தேன். சண்டை நடக்கும்போது ஒன்றும் வராதது எல்லார் வீட்டுக்கும் பொது. சண்டை நின்ற பிறகு வராதது நம் வீட்டுக்கு மட்டும். வரதராஜன் காலையில் 'ஒண்ணும் இல்லப்பா' என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவருக்கே இப்போது தெரியவில்லை.

போன வாரம் காலையில் தபால் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவிலே ஒரு சாய்ந்த வேலி. என் எழுத்தை எந்தக் குவியலில் பார்த்தாலும் எனக்குத் தெரியும். நான் உனக்கு எழுதிய கடிதம். விலாசத்தின் மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு, ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு முத்திரை. பிரிக்கவே இல்லை. வரதராஜனிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'இந்த யூனிட்ல ஆள் இல்லன்னு போட்டிருக்குப்பா. வேற எடத்துக்கு மாத்தியிருப்பாங்க. சண்ட நின்னதும் ஆளுங்கள அங்கயும் இங்கயும் போடுவாங்க.'

'அப்படித்தான் இருக்கும்' என்றேன்.

'வேற ஒண்ணும் நெனைக்காத.'

'வேற இன்னாங்க இருக்கு நெனைக்க' என்றேன். அன்றைக்குக் காலை வேலையை முழுக்கச் செய்தேன். எல்லா வீட்டிலும் சிரித்தேன். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு நம் தெருமுனைக்கு வந்தேன். பெல் அடித்தேன். கையைத் தூக்க வேண்டியதுதான். கையில் ஒன்றும் இல்லை, பொய்யும் இல்லை. பையில் இருப்பது தந்தியும் இல்லை. இருந்தாலும் இடது கை ஹேண்டில்பாரை விடவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். உங்கம்மா பார்த்துவிட்டாள்.

வாசலில் எடுத்து நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பார்த்த உடனே, 'இது உன் எழுத்தாச்சே' என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள்.

'தந்தி முன்னால, கடுதாசி பின்னாலன்னு சொன்ன இல்ல?'

'ஆமா.'

'தந்தி வரலியே.'

'வரல.'

'அப்ப அவன் எடம் மாறிட்டான்' என்றாள். அவ்வளவுதான். பிரிக்கலாமா என்று கேட்டேன். 'அவனுக்குப் போட்டது. அவன் வந்து பிரிக்கட்டும்' என்று சொல்லி, உன் சட்டைகள் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பிறகு சோறு போட்டாள். அவளும் சாப்பிட்டாள். ராத்திரி தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது, உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் ஒரு தடவை மழையில் கூடாரத்தைக் கழற்றி அவசரமாக நகர வேண்டி வந்தது. யார் தூக்கி ஏற்றினார்கள் என்று தெரியாது, 'அந்தப் பை' மற்றப் பைகளோடு கழுதை மேல் ஏறிப் போய்விட்டது. எத்தனையோ வீடுகளுக்குத் தந்திக்கு முன்னே கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆணியில் தொங்க வேண்டிய பை இல்லாமல் வெறும் ஆணி மட்டும் கம்பத்தில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கம்மாவுக்குச் சொன்ன கதையில் அந்த ஆணி வரவில்லை. இப்போது அவள் அந்த வரிசை மேலேதான் படுத்துத் தூங்குகிறாள். அதை உருவ எனக்கு மனசு வரவில்லை. நீ சொன்னது சரிதான், நான் சிரித்துக்கொண்டே ஏமாற்றுகிறவன்தான். உன் மகனுக்கு நீ இப்படி இருக்காதே. ஆனால் தூங்குகிறவளை எழுப்பியும் சொல்லாதே. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால் உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை ஆபீஸுக்குப் பின்னால் முந்திரி மர நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரதராஜன் உன் ரெஜிமெண்டின் பெரிய ஆபீஸ் வழியாகப் போகும்படி இங்கிலீஷில் விலாசம் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தாலும் தேடிக் கொடுத்துவிடுவார்களாம். ஆஸ்பத்திரி என்றால் பயப்படாதே, நானும் பயப்பட மாட்டேன். ஒரு கால் இல்லை, ஒரு கை இல்லை என்றாலும் எழுது. இங்கே கையை விட்டே சைக்கிள் ஓட்டுகிறவன் இருக்கிறேன், உனக்குச் சொல்லித் தருகிறேன். உள்ளே ஒரு கார்டு வைத்திருக்கிறேன். நம் வீட்டு விலாசம் என் எழுத்தில் அதில் இருக்கிறது. எழுத முடியாவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கோடு கிழித்துப் போடு. அதுவும் முடியாவிட்டால் வெறும் கார்டாகவே போடச் சொல். சப்பாத்தியைப் பற்றி நானே எழுதி நிரப்பிக்கொள்கிறேன். ஆபீஸ் வாசலிலேயே பெல் அடிக்க ஆரம்பித்து, எல்லா பிளாக்கையும் சுற்றி, நைட் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரையும் எழுப்பி விட்டுக்கொண்டுதான் நம் வீட்டுக்குப் போவேன். செல்லையா உதைக்க வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் எதையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். மழை என்று நின்றதில்லை, அழுவார்கள் என்று திரும்பியதில்லை. இனிமேலும் எங்கே அனுப்பினாலும் போவேன். ஆனால் இந்தக் கடிதமும் போன வழியே திரும்பி வந்தால், காலையில் கட்டைப் பிரிக்கிறவன் நான், சைக்கிளில் எடுத்துக்கொண்டு வருகிறவன் நான், வாசலில் வாங்கிக்கொள்கிறவனும் நான். பெல் அடித்துக்கொண்டேதான் வர வேண்டும், உங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வேலையை மட்டும் எனக்கு வைக்காதே, ராசா.

மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. உங்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிளம்புகிறேன்.

உன் அப்பன்